மகளின் காலில் புடைத்த நரம்பு: எடுத்துவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. வலது காலின் வெளிப்பக்கம் பிறவியிலேயே கருஞ்சிவப்பு மச்சம். நடக்கப் பழகியதும் கணுக்காலிலிருந்து தொடை வரை ஒரு நரம்பு புடைத்துக்கொண்டது. அந்தக் கால் பருமனாகவும் 2 செ.மீ. நீளமாகவும் இருக்கிறது. நரம்புச் சுருட்டல்தான், ஆபரேஷனில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். ரத்தத்தில் பார்த்த மரபணு சோதனை நார்மல். என்ன செய்வது?

பதில்: ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தால் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், அம்மா. மச்சம், புடைத்த சிரை (நாம் நரம்பு என்று சொன்னாலும் அது ரத்தக்குழாய்தான்), ஒரு கால் மட்டும் வளர்வது, மூன்றும் சேர்ந்தால் கிளிப்பெல்–ட்ரெனானே நோயாக இருக்கலாம். பெரியவர்களுக்கு வரும் சுருட்டல் பெரும்பாலும் காலின் உள்பக்கம்தான். வெளிப்பக்கம் ஓடும் இந்தச் சிரை, கருவிலேயே மறைந்திருக்க வேண்டியது.

கரு வளரும்போது ஏதோ ஒரு செல்லில் பிஐகே3சிஏ என்ற மரபணு மாறிவிடுகிறது. அந்தச் செல்லின் வழிவந்த திசுக்களில் மட்டுமே மாற்றம் இருக்கும், ரத்தத்தில் பெரும்பாலும் அகப்படாது. பாதித்த இடத்துத் திசுவைத்தான் சோதிக்க வேண்டும். இது உங்கள் இருவரிடமிருந்தும் வந்ததில்லை, கர்ப்ப காலத்தில் நீங்கள் செய்த எதனாலும் வந்ததில்லை.

முதலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், அப்புறம் எம்.ஆர்.ஐ. காலின் ஆழத்துச் சிரைகள் சிலருக்குக் குறுகியிருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. ரத்தம் மேலே ஏற இந்தப் புடைத்த சிரைதான் ஒரே வழி என்றால், அதை எடுத்தபின் கால் வீங்கிப்போகும். பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஆழத்துச் சிரைகள் நன்றாக இருந்தால், சும்மா விடுவதும் தப்பு. அகன்ற சிரையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகலாம். ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர், ஃபைப்ரினோஜன் சோதனைகளைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் கொடுத்து, லேசரால் சிரையை அடைப்பார்கள். மீதிக் கிளைகளை அடைக்க மருந்து ஊசி. அளவெடுத்த அழுத்தக் காலுறை தினமும் வேண்டும். நம் வெயிலில் குழந்தை அடம்பிடிப்பாள்.

கடுமையான நிலையில் இந்த மிகை வளர்ச்சியைக் கட்டுப்படுத்த சிரோலிமஸ், அல்பெலிசிப் மாத்திரைகள் உண்டு. அல்பெலிசிப்புக்கு 2022-இல் அமெரிக்காவில் 2 வயது முதல் அனுமதி கிடைத்தது. உங்கள் மகளுக்கு இப்போதே அது தேவையா என்பதை ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். கால் நீளத்துக்கு எலும்பு மருத்துவரை இப்போதே பாருங்கள். எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு எளிய வழிகள் குறைந்துவிடும்.

திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.