வாசகர் கேள்வி: கடையின் நடுவே இன்னோர் அடுக்கு வைக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் 10 அடி அகலக் கடையில் மளிகை வியாபாரம் செய்கிறேன். நடுவில் இருபுற அடுக்கு ஒன்று வைத்தால் கூடுதல் சரக்கு கொள்ளும் அல்லவா, ஐயா?

பதில்: சரக்கு கொள்ளும், ஆள் கொள்ளாது. சுவரோர அடுக்குகள் ஒன்றரை அடி வீதம் 3 அடியை எடுத்துக்கொள்ள, நடு அடுக்கும் 3 அடியானால், ஒவ்வொரு பக்கமும் மிஞ்சுவது 2 அடிதான். 5 கிலோ அரிசிப் பையோடு வரும் அம்மா எதிரே வருபவருக்கு எப்படி வழிவிடுவார்? நடைவழிக்கு 3 அடியாவது வேண்டும்.

ஆகவே நடுவை விட்டுவிட்டுச் சுவரை உயரமாகப் பயன்படுத்துங்கள். மார்பிலிருந்து கண்மட்டம் வரையுள்ள தட்டுகளுக்கே கை தானாகப் போகும் என்பதால், சீனி, கோதுமை மாவு போன்று எங்கிருந்தாலும் தேடி வாங்கப்படுபவற்றைக் கீழே இறக்கி, இலாபம் கூடுதலாக நிற்கும் கறித்தூளையும் ஊறுகாயையும் அங்கே வையுங்கள். புதுச்சரக்கு வந்தால் பழையதை முன்னே இழுத்துவிட்டுப் பின்னால் அடுக்குங்கள்.

சூடம், ஊதுபத்தியைத் தேயிலைக்கு அருகில் வைக்கவே வேண்டாம். அந்த வாசனை ஏறிய தேயிலையை யாரும் மறுமுறை வாங்கமாட்டார்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு, அரிசி மூட்டைகளை மரப்பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குவதே நல்லது. தீபாவளி நேரத்தில் மட்டும் மடக்கு மேசை ஒன்றை வாசலுக்கு உட்புறமாகப் போட்டு, முறுக்கு மாவையும் நெய்யையும் அதில் வைக்கலாம்.