பாட்டி முதல் கொள்ளுப்பேரன் வரை: மயோர்க்கா விடுமுறை பற்றிக் கேள்வி பதில்

எங்கள் வீட்டில் நான்கு தலைமுறை, பத்தொன்பது பேர். மூன்று கோடைகளில் எல்லோரையும் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவுக்கு, வடக்கே உள்ள அல்கூதியாவுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது அந்தப் பக்கம்தான். பிரிட்டனிலிருந்து கிளம்புகிறவர்கள் கேளுங்கள்.

பதினாறு பேர் போகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. மூன்று வயதுக்குள் மூன்று வாண்டுகள். தீவில் எங்கே தங்கலாம்? (ஹாரோ)

அல்கூதியா விரிகுடா, அதிலும் பிளாயா தெ மூரோ பக்கம். மணல் மெல்லச் சரிந்து இறங்குவதால் வெகுதூரம் ஆழமே இருக்காது. கிழக்குக் கரையின் குட்டிக் குடாக்கள் படத்தில் அள்ளிக்கொண்டு போகும். ஆனால் பலவற்றுக்குப் பாறைப்படிகளில் இறங்கி ஏற வேண்டும், அம்மாவுக்கு ஆகாது. முதல் தடவை போனபோது என் மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொள்ளுப்பேரன் கையைப் பிடித்தபடி கணுக்கால் தண்ணீரில் அரைமணி நேரம் நின்றார். கூப்பிடக் கூப்பிட வரவில்லை. அந்தக் கடற்கரையை நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால் யாரும் இறங்கக் கூடாது. ஓட்டல் நீச்சல் குளத்தில், எத்தனை பேர் சுற்றி இருந்தாலும், ஒரு பெரியவருக்குக் குழந்தைகளைப் பார்ப்பது மட்டுமே வேலையாக இருக்கட்டும்.

அப்பா அம்மா சென்னையிலிருந்து லண்டன் வருகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட், பிரிட்டன் விசா இருக்கிறது. அது போதுமா?

போதாது. ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். அவர்கள் வசிக்கும் நாட்டில், அதாவது இந்தியாவில், விண்ணப்பிப்பதுதான் முறை. லண்டன் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். அதில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் தேதியைப் பாருங்கள்: ஸ்பெயினுக்குள் நுழையும் நாளில், வழங்கிப் பத்து வருடம் ஆகியிருக்கக் கூடாது.

ஈஸ்டர் லீவா, அக்டோபர் லீவா?

அக்டோபர். ஈஸ்டரில் கடல் இன்னும் சில்லென்று இருக்கும். கோடையில் வாங்கிய சூடு அக்டோபரில் மிச்சமிருக்கும். ஆனால் மாதக் கடைசியோடு பல ஓட்டல்கள் சாத்திவிடும், தேதியைப் பார்த்து எடுங்கள்.

பதினெட்டு பேருக்குப் பெரிய வில்லா ஒன்று பார்த்திருக்கிறோம். தனிக் குளம், பெரிய சமையலறை. ஓட்டலைவிட மலிவு. எடுத்துவிடலாமா? (மில்டன் கீன்ஸ்)

வேண்டாம் என்பேன். பதினெட்டு பேர், மூன்று வேளை, ஏழு நாள்: 378 தட்டு. அதை யார் கழுவப் போகிறார்கள் என்று முதலில் பேசுங்கள். நான் பார்த்த வில்லா விடுமுறைகளில் எல்லாம் காலையில் அம்மாவும் மருமகள்களும் தோசைக்கல் முன்னால் நிற்பார்கள், மற்றவர்கள் குளத்தில் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் செய்யும் வேலையை, தெரியாத அடுப்பில், கூடுதல் ஆட்களுக்குச் செய்ய விமானம் ஏறுவானேன்? தனிக் குளத்தில் உயிர்காப்பாளரும் கிடையாது. காலையும் இரவும் ஓட்டலில் சாப்பாடு தரும் ஹாஃப் போர்டு எடுங்கள். மதியத்துக்குப் பழம், ரொட்டி போதும்.

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓட்டலில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு மேசையில் பிரிந்துவிட்டோம். வில்லாவில்தான் ராத்திரி ஒன்று வரை எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். (க்ராய்டன்)

நீங்கள் சொல்லும் அந்த ராத்திரி எனக்கும் வேண்டும். ஆனால் அன்று கடைசியாக வந்து உட்கார்ந்தது யார் என்று யோசித்துப் பாருங்கள் தம்பி. ஓட்டலில் மேசைகளைச் சேர்த்துப் போட முன்கூட்டியே கேளுங்கள், எங்களுக்குச் செய்து கொடுத்தார்கள்.

எனக்கு 71 வயது. நான் ஒரு மாமியார். சமைப்பது எனக்குச் சுமை இல்லை. பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக என் கையால் சாப்பிடுவது வருடத்தில் அந்த ஒரு வாரம்தான். அதையும் வேண்டாம் என்கிறீர்களே அம்மா?

இல்லை அம்மா, அதை எடுத்துவிட எனக்கு மனமில்லை. உங்கள் வார்த்தையைப் படித்தபிறகு மேலே சொன்னதைக் கொஞ்சம் மாற்றுகிறேன். சிறிய சமையலறை உள்ள அடுக்குமாடி ஓட்டல்கள் அந்தப் பக்கம் நிறைய உண்டு. அதில் ஹாஃப் போர்டோடு எடுத்தால், உங்களுக்குத் தோன்றுகிற நாளில் நீங்கள் ரசம் வைக்கலாம். தோன்றாத நாளில் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். பாத்திரம் கழுவுவது பேரன்கள் பொறுப்பு. க்ராய்டன் தம்பிக்கும் இதுவே பதில்.

சித்திக்கு இலங்கைப் பாஸ்போர்ட், லண்டனுக்கு விசிட் விசாவில் நிற்கிறா. எங்களோட கூட்டிக்கொண்டு போகலாமோ?

விசா பற்றி மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படியுங்கள். சித்திக்கும் அதேதான், இலங்கையிலிருந்தே விண்ணப்பித்திருக்க வேண்டும்.

அம்மம்மா சுத்த சைவம். என்ன சாப்பிடுவா?

பட்டினி கிடக்க மாட்டார், ஆனால் மூன்று விஷயத்தில் கவனம். சர்க்கரைத் தூள் தூவி, சுருள் சுருளாக எங்கும் விற்கும் என்சைமாதா ரொட்டியில் பன்றிக்கொழுப்பு சேரும். பெயரிலேயே இருக்கிறது, ‘சயிம்’ என்றால் அங்கே பன்றிக்கொழுப்பு. ‘வெஹெதால்’ சாண்ட்விச் என்றால் காய்கறி என்று நினைப்போம். உள்ளே முட்டையும் டூனா மீனும் இருப்பது வழக்கம். என் நாத்தனார் ஒரு வாய் கடித்த பிறகுதான் தெரிந்தது, அன்று முழுக்க அவர் எதையும் தொடவில்லை. ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் ஹாம் என்னும் பன்றி இறைச்சித் துண்டு தூவி வரலாம். அதனால் ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹாமோன்’ என்று இறைச்சி, மீன், ஹாம் மூன்றையும் சொல்லுங்கள். கண்ணில் பட்டால் தும்பெத் கேளுங்கள்: உருளை, கத்தரி, குடைமிளகாய் பொரித்து அடுக்கி மேலே தக்காளிச் சாறு. அம்மம்மாவுக்குப் பிடிக்கும்.

தாத்தாவுக்குச் சக்கர நாற்காலி. ட்ராக் குகைக்குப் போகலாமா?

முடியாது, உள்ளே நிறையப் படி. சல்புஃபெரா சதுப்புநிலப் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். 1988 முதல் பாதுகாக்கப்பட்ட இடம், சமதளப் பாதை, மறைவிலிருந்து நாரைகளைப் பார்க்கலாம். விமானத்தில் உதவி வேண்டுமென்று 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள், அதற்குக் காசு கிடையாது.

பக்கத்துப் பக்கத்து அறை கேட்டால் போதுமா?

போதாது. நடுவில் கதவு உள்ள அறை வேறு, அடுத்தடுத்த அறை வேறு. எது என்று எழுத்தில் வாங்குங்கள்.

அண்ணன் தன் பங்குப் பணத்தைத் தராமல் இழுக்கிறார்.

அது உங்கள் வீட்டில் பேச வேண்டியது, நான் சொல்வதற்கில்லை.

வில்லாவா ஓட்டலா, முடிவாக ஒரு வரியில்?

மேலே மூன்று பதில் எழுதிவிட்டேன். இனி அந்தக் கேள்வியை எடுக்கப் போவதில்லை.

எதைக் கேட்டாலும் குளத்துக்கே வருகிறீர்கள். ஏன்?

முதல் வருடம் குளத்தைச் சுற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் இருந்தோம். நான்கு வயதுப் பேத்தி படியிலிருந்து ஒரு அடி தள்ளி நழுவினாள். சத்தமே இல்லை. முடி மட்டும் மேலே பரவியிருந்தது. பக்கத்து மேசைப் பெண் ஒருத்தி குதித்துத் தூக்கினாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் பன்னிரண்டு பேரும் இன்னொருவர் பார்க்கிறார் என்று நினைத்திருந்தோம்.

அதிலிருந்து எங்களிடம் ஒரு மஞ்சள் தொப்பி. அதைப் போட்டிருப்பவர் போனைத் தொடக் கூடாது, பேச்சுக்கொடுக்கக் கூடாது, தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தொப்பி அடுத்தவர் தலைக்குப் போகும். வாங்குபவர் ‘நான் பார்க்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையில் தொப்பி இல்லாவிட்டால் அல்கூதியா பழைய ஊரில் செவ்வாயும் ஞாயிறும் சந்தை உண்டு, போய் இறங்கிய வாரமே வாங்கிவிடுங்கள்.