மூன்று பக்கமும் பார்வையாளர்கள்: காலர் மைக் இதற்குத் தீர்வல்ல

கேள்வி: ஆறு பேர் நடிக்கும் 40 நிமிட நாடகம். பார்வையாளர்கள் முன்னால் மட்டும் இருப்பார்கள் என்று நினைத்து ஒத்திகையை முடித்துவிட்டோம். கிடைத்த அரங்கிலோ மேடை கூட்டத்துக்குள் நீண்டிருக்கிறது. மூன்று பக்கமும் இருக்கைகள். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்த நண்பர்கள், சத்தம் கேட்கிறது, வசனம் புரியவில்லை என்கிறார்கள். ஆளுக்கொரு காலர் மைக் மாட்டினால் போதும் என்கிறார் அரங்கை ஏற்பாடு செய்தவர். இன்னும் பத்து நாள் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: மைக்குக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். நடிகர்கள் நிற்கும் இடத்தை மாற்றினாலே உங்கள் சிக்கலில் பெரும்பகுதி தீரும். அதற்குப் பத்து நாள் போதும்.

முதலில் குரலைப் பார்ப்போம். ச, த, ட, க போன்ற எழுத்துகளின் கூர்மை உயர் அதிர்வெண்ணில் இருக்கிறது. அது பெரும்பாலும் வாய் பார்த்த திசையிலேயே போகும். முதுகுப் பக்கம் வருவது உயிரொலிகளின் முழக்கம். போதாததற்கு, உதட்டசைவையும் சேர்த்துத்தான் நாம் வசனத்தைப் பிடிக்கிறோம். முதுகைப் பார்ப்பவருக்கு அதுவும் இல்லை.

இதில் மைக் என்ன செய்யும்? ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் பின்சுவரை ஒட்டி இருபுறமும் இருக்கும். நீண்ட மேடையில் நடிகர்கள் அவற்றுக்கு முன்னால் வந்துவிடுவார்கள். ஒலிபெருக்கியின் சத்தத்தையே மைக் மறுபடி வாங்கி ஊளையிடும். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஊளை வராமல் வைக்கக்கூடிய ஒலியளவு 3 டெசிபல் குறையும். ஆறு மைக் என்றால் கிட்டத்தட்ட 8 டெசிபல் போய்விடும். இரண்டு பேர் நெருங்கி நின்றால் ஒருவர் குரல் இரண்டு மைக்கிலும் நுழைந்து, குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகும். இதைத் தவிர்க்க, வசனத்துக்கு வசனம் மைக்கைத் திறந்து மூட வேண்டும். அதற்கு நாடகத்தை மனப்பாடமாக அறிந்த ஆள் வேண்டும். வாடகைக் கருவியோடு வருபவர் உங்கள் நாடகத்தை அன்றுதான் முதன்முறை பார்ப்பார்.

அரங்கு, ஒலி, ஒளி மூன்றையும் ஒரே கையில் முடித்துத் தருபவர்களிடம் எப்போதும் எச்சரிக்கையாக இருங்கள். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு கருவியிலும் அவர்களுக்குப் பங்கு கிடைக்கலாம். நடிகரை மூன்றடி நகர்த்தச் சொல்வதில் ஒன்றும் கிடைக்காது. அடுத்து பின்திரை, கூடுதல் தட்டிகள் என்று வருவார்கள். இடுப்பு உயரத்துக்கு மேலான எந்தப் பொருளையும் பின்சுவரை ஒட்டி மட்டுமே வைக்கலாம். வேறெங்கு வைத்தாலும் ஒரு பக்கத்துக்கு மறைக்கும்.

இனி இடம். மேடையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, முன் நடுக்கட்டமே வலிமையானது என்று உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது படச்சட்ட மேடைக்கான, அதாவது கூட்டம் முன்னால் மட்டும் இருந்து ஒரு சட்டத்துக்குள் பார்ப்பதுபோல் பார்க்கும் மேடைக்கான கணக்கு. அதை எல்லா மேடைக்கும் பொதுவிதி போல மனப்பாடம் செய்ய வைக்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். 1599இல் லண்டனில் எழுந்த குளோப் அரங்கிலேயே மூன்று பக்கமும் கூட்டம் இருந்தது. 1962இல் இங்கிலாந்தின் சிசெஸ்டரிலும் 1963இல் அமெரிக்காவில் மினியாபொலிஸின் கத்ரி அரங்கிலும் அதே அமைப்பைத் தேடிப் போய்க் கட்டினார்கள். ஆனாலும் நாடகப் போட்டி நடுவர்கள் முன்வரிசை நடுவில்தான் உட்காருகிறார்கள். குழுக்களும் அந்த நாற்காலியைப் பார்த்தே நடிக்கப் பழகிவிடுகின்றன.

உங்கள் மேடையில் முன் நடுவில் நிற்பவர் இரு பக்கக் கூட்டத்தையும் பின்னால் விட்டுவிடுகிறார். மூன்று பக்கத்துக்கும் முகம் தெரியும் இடம் பின் நடு. நாடகத்தில் உண்மை வெளிப்படும் கணம், அல்லது ஒருவரின் நிலை தலைகீழாகும் கணம் எது என்று பாருங்கள். அதை அங்கே வையுங்கள். அதற்கு முன்பு அந்த இடத்தில் யாரையும் அதிக நேரம் நிற்க விடாதீர்கள். விட்டால், உச்சக் காட்சி வரும்போது அந்த இடம் பழசாகியிருக்கும்.

இருவர் பேசும் காட்சியை மூலைவிட்டமாக வையுங்கள். ஒருவர் பின் வலது மூலைப் பக்கம், மற்றவர் முன் இடது மூலைப் பக்கம் (இடதும் வலதும் நடிகர் முன்பக்கம் பார்த்து நிற்கும்போது உள்ளவை). பின்னால் நிற்பவரின் முகம் முன்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் தெரியும். முன்னால் நிற்பவரின் முகம் வலப்பக்கத்துக்குத் தெரியும். அவருடைய முதுகு, இரண்டு இருக்கைத் தொகுதிகளுக்கு நடுவே உள்ள நடைபாதையை நோக்கி இருக்க வேண்டும். நடைபாதையில் யாரும் உட்காருவதில்லை. சில வசனங்களுக்குப் பின் இருவரும் அடுத்த மூலைவிட்டத்துக்கு மாறட்டும். ஒரு தொகுதிக்கு முழு முதுகைக் காட்டி அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம்.

ஆனால் காரணமில்லாமல் நகர்ந்தால் காவலர் ரோந்து போவதுபோல் இருக்கும். பிரதியை எடுத்து, பாத்திரத்தின் தேவை மாறும் இடங்களில் கோடு போடுங்கள்: கெஞ்சியவர் மிரட்டத் தொடங்கும் இடம், மறைத்தவர் ஒப்புக்கொள்ளும் இடம். நகர்வு அந்தக் கோட்டில் நடக்கட்டும்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் காட்சி மட்டும் இந்த விதிக்கு அடங்காது. அங்கே யாரும் நகர முடியாது. அதனால் மேசையை 45 பாகை திருப்பி, அதன் ஒரு முனை முன்பக்கத்தைப் பார்க்கும்படி போடுங்கள். நாற்காலிக்குப் பதில் முதுகுச்சாய்வில்லாத முக்காலிகள். முன்முனையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். அதிக வசனம் உள்ளவர் பின்முனையில் இருக்கட்டும். நான்கு பேர் இருந்தால், குறைவாகப் பேசுபவரை மேசைக்கு வெளியே நிற்க வையுங்கள். நீண்ட காட்சி என்றால், தேவை மாறும் கோடு ஒன்றில் ஒருவர் எழுந்து தண்ணீர் எடுத்து வரட்டும். அவர் எழுந்ததும் மற்றவர்களின் தலையும் அவரோடு திரும்பும். மேசை மேல் உயரமான குடம், பூச்சாடி வேண்டாம்.

ஒளியமைப்பில் இரண்டு விளக்கு முன்னாலிருந்து மட்டும் வந்தால் பக்கத் தொகுதிகளுக்கு நிழல்தான் தெரியும். ஒவ்வொரு நடிப்பிடத்துக்கும் 120 பாகை இடைவெளியில் மூன்று விளக்கு கேளுங்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் கண்ணில் அடிக்காதபடி அவற்றின் ஒளி உயரத்திலிருந்து சாய்ந்து இறங்க வேண்டும்.

இன்றே அரங்கின் மேடை அளவை எழுத்தில் வாங்கி, ஒத்திகைத் தரையில் டேப் ஒட்டுங்கள். இடப்பக்கம், முன்பக்கம், வலப்பக்கம் என மூன்று நாற்காலி போட்டு மூன்று பேரை உட்கார வையுங்கள். முகம் தெரியாத நேரமும் புரியாத வசனமும் எவை என்று அவர்கள் பிரதியில் குறிக்கட்டும். தினமும் நாற்காலி மாறி உட்காரட்டும். சாவியை நிகழ்ச்சி நாளன்றுதான் தருவோம் என்பது பல அரங்குகளின் பிடிவாதம். முந்தைய நாள் இரண்டு மணி நேரமாவது வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். வாடகையின் கடைசித் தவணையைக் கட்டுவதற்கு முன்பே அதற்கான பதிலை வாங்கிவிடுங்கள்.