ஜெர்மனிக்கு வேலைக்குச் செல்லும் மகளின் முதல் வீடு எப்படி அமைய வேண்டும்?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் மகளுக்கு மியூனிக் நகரில் பொறியாளர் பணி உறுதியாகியிருப்பது அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். தாங்கள் கேட்டிருந்த கேள்விகளுள் ஒன்றுக்கு இன்றே பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். இணையத்தில் பார்த்த இரண்டு அறை வீட்டின் உரிமையாளர் பணி நிமித்தம் வேறொரு நாட்டில் இருப்பதாகவும், இரண்டு மாத வாடகையை முன்னதாக அனுப்பிவிட்டால் சாவியைக் கூரியரில் அனுப்பிவைப்பதாகவும், வீடு பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்தப் பணத்தை அனுப்பாதீர்கள். ஜெர்மனியில் வீடு தேடும் வெளிநாட்டினரைக் குறிவைத்துப் பல ஆண்டுகளாக நடந்துவரும் மோசடி இது. ஊரில் இல்லாத உரிமையாளர், அஞ்சலில் வரும் சாவி, அப்பகுதியின் வாடகையைவிடக் கணிசமாகக் குறைந்த தொகை, நேரில் பார்க்கும் முன்பே பணம் என்று அதன் அடையாளங்கள் அத்தனையும் தாங்கள் எழுதியதிலேயே இருக்கின்றன. ஜெர்மனியிலேயே வாடகை மிக அதிகமான பெருநகரம் மியூனிக். அங்கே ஒரு நல்ல வீட்டுக்கு நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கும் நிலையில், இதுவரை முகம் பார்த்திராத ஒருவருக்காக எந்த உரிமையாளரும் வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார். கடவுச்சீட்டின் நகலை மகள் அவருக்கு இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பவே வேண்டாம், ஏனெனில் அடுத்த விளம்பரத்தில் உரிமையாளரின் அடையாள ஆவணமாக அதையே காட்டி வேறொருவரை ஏமாற்றுவார்கள்.

அப்படியானால் வீடு இல்லாமல் பெண்ணை எப்படி விமானம் ஏற்றுவது என்று கேட்பீர்கள். நிரந்தர வீட்டை இங்கிருந்தே பிடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் முதன்மையான ஆலோசனை. முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குக் கட்டில், மேசை, சமையலறை எல்லாம் உள்ள தற்காலிக இருப்பிடம் ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டு போய், நிரந்தர வீட்டை அங்கிருந்தபடி நேரில் பார்த்து எடுக்கட்டும். அந்தத் தற்காலிக இடத்தில் வாடகை சற்றுக் கூடுதலாக இருக்கலாம், அறை சிறியதாக இருக்கலாம், அலுவலகத்திலிருந்து தொலைவாகவும் இருக்கலாம். ஆனால் அங்கே முகவரியைப் பதிவு செய்துகொள்ள அனுமதி இருந்தே ஆக வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அன்மெல்டுங் எனப்படும் இந்த முகவரிப் பதிவு வெறும் சம்பிரதாயம் அல்ல. குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகர நிர்வாகத்தின் குடிமக்கள் சேவை அலுவலகத்தில் இதைச் செய்ய வேண்டும் என்று அந்நாட்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. மியூனிக்கில் அந்த அலுவலகத்துக்கு பியூர்கர்பியூரோ என்று பெயர். 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் மட்டும் போதாது. இன்னார் இன்ன தேதியில் இங்கே குடிவந்தார் என்று வீட்டைத் தருபவர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் உறுதிப் படிவமும் வேண்டும். பல விடுதிகளும் சுற்றுலாப் பயணிகளுக்கான குடியிருப்புகளும் இந்தப் படிவத்தைத் தருவதில்லை. ஆகவே தற்காலிக இடத்துக்குப் பணம் கட்டும் முன்பே, ‘முகவரிப் பதிவுக்கான படிவம் தருவீர்களா?’ என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதிலை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தெரிந்தவர் வீட்டு முகவரியில் பெயரை மட்டும் பதிந்துகொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். உண்மையில் குடியிருக்காத முகவரியைப் பதிவது சட்டவிரோதம். அதற்குத் துணைபோகும் வீட்டாருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கவும் அச்சட்டத்தில் இடம் இருக்கிறது. அலுவலகத்தில் சந்திப்பு நேரம் கிடைக்கத் தாமதமாகலாம் என்பதால், புறப்படும் முன்பே இணையத்தில் நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

இந்தப் பதிவை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், அதன் பிறகு நடக்க வேண்டிய ஏறக்குறைய எல்லாமே அதை நம்பியிருப்பதுதான். பதிவு முடிந்த சில வாரங்களில் 11 இலக்க வரி அடையாள எண் அஞ்சலில் வந்து சேரும். அது பணி நிறுவனத்தின் கைக்குப் போகாமல் காலம் நீண்டால், மிக அதிகமாக வரி பிடிக்கப்படும் ஆறாம் வரி வகுப்பின்படி சம்பளத்தில் பிடித்தம் செய்யும் நிலை ஏற்படலாம். கூடுதலாகப் பிடித்தது பின்னர் திரும்பக் கிடைக்கும் என்றாலும், புதிதாகப் போனவருக்கு முதல் மாதங்களில் அது பெரிய நெருக்கடி. நுழைவு விசாவை வதிவிட அனுமதி அட்டையாக மாற்றித் தரும் வெளிநாட்டினர் அலுவலகம் எது என்பதையும் பதிவான முகவரிதான் தீர்மானிக்கிறது. பல வங்கிகளும் கணக்குத் தொடங்கப் பதிவுச் சான்றைக் கேட்கின்றன.

இதனுடன் ஒரு சிறிய விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியின் அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. கீழே வரிசையாக இருக்கும் அஞ்சல் பெட்டிகளிலும் அழைப்பு மணிப் பலகையிலும் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் அஞ்சல்காரர் கடிதத்தைப் போடுகிறார். வேறொருவர் பெயர் ஒட்டிய பெட்டியில் நம் கடிதம் விழாது. அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். வரி எண், வங்கி அட்டை, அதற்கான ரகசிய எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை என்று அத்தனையும் தாளில் அஞ்சலாக வரும் நாடு அது. குடிபுகுந்த அன்று மாலையே, கடவுச்சீட்டில் உள்ள குடும்பப் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதியாவது அந்தப் பெட்டியில் ஒட்டிவிட வேண்டும். கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக இருந்தால், அங்கே எல்லா ஆவணங்களிலும் அந்தப் பெயரே முன்னிற்கும் என்பதால் பெட்டியில் இரண்டு பெயர்களையும் எழுதிவிடுவது பாதுகாப்பு.

தற்காலிக இடத்துக்கு முதலில் அணுக வேண்டியது பணி தந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவைத்தான். நிறுவனக் குடியிருப்பு உண்டா, இடமாற்ற உதவித் தொகை உண்டா, முன்பு வந்து சேர்ந்தவர்கள் எங்கே தங்கினார்கள் என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு இவை பழகிய கேள்விகளே. அங்கே வழி கிடைக்காவிட்டால், பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறை எடுப்பது அடுத்த வழி. முன்பின் தெரியாதவர்களுடன் மகள் ஒரே வீட்டில் இருப்பதா என்ற தங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேகே என்று அழைக்கப்படும் இந்த ஏற்பாடு, மாணவர்கள் மட்டுமின்றி வேலைக்குப் போகிறவர்களும் இயல்பாக வாழும் முறையாக அங்கே நிலைபெற்றிருக்கிறது. பெண்கள் மட்டுமே வாழும் வீடுகளைத் தனியாகத் தேடவும் முடியும். அறை தருவதற்கு முன் அந்த வீட்டில் இருப்பவர்கள் காணொளி வழியாகப் பேசிப் பார்ப்பது வழக்கம் என்பதால், மகளும் அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அது நல்ல வாய்ப்பு. புதிய நாட்டில் குப்பையைப் பிரித்துப் போடுவது முதல் இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது வரை எல்லாவற்றையும் சொல்லித்தர ஒருவர் வீட்டிலேயே இருப்பதை நான் பெரிய நன்மையாகவே பார்க்கிறேன். உள்வாடகைக்கு விடுபவர், அதற்கு உரிமையாளரின் அனுமதி பெற்றிருக்கிறாரா என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இனி நிரந்தர வீட்டைப் பற்றி. ஜெர்மன் விளம்பரங்களில் இரண்டு வாடகைகள் இருக்கும். கால்ட்மீட்டெ என்பது வீட்டுக்கான வாடகை மட்டும். வார்ம்மீட்டெ என்பது வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை அகற்றல், கட்டடப் பராமரிப்பு ஆகியவற்றுக்கான முன்பணமும் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இரண்டிலும் சேராது. அந்த முன்பணத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பார்கள் என்பதால், குளிர்காலத்தில் வெப்பமூட்டியை அளவின்றி ஓடவிட்டவர்களுக்குப் பாக்கித் தொகை கேட்டுக் கடிதம் வரும். ‘இரண்டு அறை வீடு’ என்றால் ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும். சமையலறையும் குளியலறையும் எண்ணிக்கையில் சேரா. அந்தச் சமையலறையும் அடுப்போ அலமாரியோ தொட்டியோகூட இல்லாமல், சுவரில் குழாய் இணைப்புகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் வெற்று அறையாக இருக்கக்கூடும். முன்னால் குடியிருந்தவர் தன் சமையலறைச் சாமான்களை விலைக்குத் தர முன்வருவார். விலை நியாயமா என்று பார்த்து வாங்கலாம். ஆகவே விளம்பரத்தில் சமையலறை சேர்ந்திருக்கிறதா என்பதைப் படித்துவிட்டே வாடகையை ஒப்பிட வேண்டும்.

வீட்டு உரிமையாளர்கள் கேட்கும் ஆவணங்களுள் புதிதாக வருபவரிடம் இல்லாதது ஷூஃபா எனப்படும் கடன் நம்பகத்தன்மைச் சான்று. அங்கே வங்கிக் கணக்கும் ஒப்பந்தங்களும் இல்லாதவருக்கு அதில் பதிவு ஏதும் இருக்காது. இதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. பணி ஒப்பந்தம், சம்பளத்தை உறுதிசெய்து நிறுவனம் தரும் கடிதம், கிடைத்த வரையிலான சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே கோப்பாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, தன்னைப் பற்றி ஜெர்மன் மொழியில் பத்து வரிகளில் ஒரு கடிதமும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். தற்காலிக வீட்டின் உரிமையாளரிடம், வாடகை பாக்கியின்றிக் கட்டினார் என்று ஒரு கடிதம் வாங்கிச் சேர்த்தால் விண்ணப்பத்துக்கு நல்ல வலு கிடைக்கும். தற்காலிகமாகத் தங்குவதில் இப்படி ஒரு பயனும் இருக்கிறது. வருமானத்தைப் பற்றி உரிமையாளர் கேட்கலாம். மதம், கர்ப்பம் ஆகியவை பற்றிய கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இனம், பூர்வீகம் காரணமாக வீடு மறுப்பதை 2006ஆம் ஆண்டின் சமநடத்தைச் சட்டம் தடைசெய்கிறது. இருந்தும் பெயரைப் பார்த்தே பதில் அனுப்பாதவர்கள் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. நிறைய விண்ணப்பங்கள் அனுப்ப வேண்டியிருக்கும். பதில் வராத ஒவ்வொன்றையும் தன் தகுதிக் குறையாக மகள் எடுத்துக்கொள்ளாமல் இருக்கத் தங்கள் ஆறுதல் தேவைப்படும்.

நகருக்குள் மட்டும் தேடாமல், நகர ரயில் செல்லும் டகாவ், ஃப்ரைசிங், ஃப்யூர்ஸ்டன்ஃபெல்ட்ப்ரூக் போன்ற அக்கம்பக்க ஊர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, சட்டம் வாடகைதாரர் பக்கம் உறுதியாகவே நிற்கிறது. வீட்டைக் காலி செய்யும்போது திரும்பக் கிடைக்க வேண்டிய முன்வைப்புத் தொகை, மூன்று மாதக் கால்ட்மீட்டெக்கு மேல் போகக்கூடாது. அதையும் மூன்று சம தவணைகளாகக் கட்டும் உரிமை உண்டு, முதல் தவணை குடியேறும்போது கட்டினால் போதும். உதாரணத்துக்கு, கால்ட்மீட்டெ 1,000 யூரோவும் வார்ம்மீட்டெ 1,250 யூரோவும் உள்ள வீட்டுக்கு அதிகபட்ச முன்வைப்பு 3,000 யூரோ; முதல் மாதம் 1,250 யூரோ வாடகையும் 1,000 யூரோ தவணையும் சேர்த்து 2,250 யூரோ கையில் இருக்க வேண்டும். உரிமையாளர் அந்த முன்வைப்பைத் தன் சொந்தப் பணத்துடன் கலக்காமல் தனியாக வைத்திருக்க வேண்டும். உரிமையாளர் அமர்த்திய தரகருக்கு வாடகைதாரர் கட்டணம் தர வேண்டியதில்லை என்பது 2015 ஜூன் முதல் உள்ள விதி. வீட்டைக் காட்டுவதற்கே பணம் கேட்டால் அங்கிருந்து விலகிவிட வேண்டும். சம்பளம் மாத இறுதியில்தான் வரும் என்பதால், தற்காலிக வீட்டின் செலவுடன் இந்தத் தொகையையும் புறப்படும்போதே தனியாக ஒதுக்கி வையுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், குறிப்பிட்ட காலத்துக்கு வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்ற நிபந்தனை உள்ளதா என்று பார்க்க வேண்டும். அது இல்லையென்றால், வாடகைதாரர் வழக்கமாக மூன்று மாத முன்னறிவிப்பில் காலி செய்யலாம். முன்னறிவிப்பு, கையால் ஒப்பமிட்ட கடிதமாகவே இருக்க வேண்டும், மின்னஞ்சல் செல்லாது. சாவி வாங்கும் நாளில் சுவர்க் கீறல், தரைக் கறை, மின் அளவி எண் என்று அனைத்தையும் ஒப்படைப்புக் குறிப்பில் எழுதி, நிழற்படமும் எடுத்து வைத்துக்கொண்டால், காலி செய்யும்போது முன்வைப்பைத் திரும்பப் பெறுவதில் தகராறு வராது. ஒப்பந்தம் புரியாவிட்டால், நகரின் வாடகைதாரர் சங்கத்தில் உறுப்பினராகி அவர்களுடைய சட்ட ஆலோசகரிடம் காட்டலாம்.

தற்காலிக வீட்டின் காலம் முடியும்போது நிரந்தர வீடு அமையாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே அந்த இடத்தை மேலும் ஓரிரு மாதங்கள் நீட்டிக்க முடியுமா, அதற்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதையும், முகவரிப் படிவத்தைப் பற்றிக் கேட்கும் அதே மின்னஞ்சலில் இந்த வாரமே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.