காட் போட்டோ கேக்காதேங்கோ, ஓடரைப் பாருங்கோ

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள் பாங்க் காட்டால காசு கட்ட, இவ இஞ்ச அவையின்ர வீட்டுக்காரருக்கு கேக், பூ, சிலநேரம் போன் எல்லாம் கொண்டுபோய்க் குடுக்கிறா. போன மாசம் ரெண்டு ஓடரில, காட்டின்ர சொந்தக்காரர் "நான் வாங்கேல்லை" எண்டு சொல்ல, பாங்க் காசைத் திருப்பி எடுத்திட்டுதாம். அதிலயிருந்து எல்லாரிட்டயும் காட்டின்ர ரெண்டு பக்கமும் பாஸ்போட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில அனுப்பச் சொல்லுறாவாம். ரொறன்ரோவில இருக்கிற ஒரு அக்கா நல்லா ஏசிப்போட்டு ஓடரை கான்சல் பண்ணிட்டாவாம். இனி என்ன செய்யிறது?

தங்கச்சி, அந்த அக்கா ஏசினதில பிழையே இல்லை. காட்டுக்குப் பின்னால மூண்டு இலக்கம் இருக்கெல்லோ, சிவிவி, அதைக் காசு வெட்டுப்பட்ட பிறகு கடைக்காரர் சேமிச்சு வைக்கவே கூடாது எண்டு பிசிஐ டிஎஸ்எஸ் எண்ட காட் கம்பனியளின்ர விதி சொல்லுது, நீங்கள் என்னண்டால் அதை போன் கேலரியில வைச்சிருக்கிறியள், அது பேக்கப்புக்கும் போகும், டெலிவரிப் பொடியன் போனை வாங்கிப் பாத்தால் அவனுக்கும் தெரியும். சரி, அதால கள்ளன் பிடிபடுவானோ எண்டு பாத்தால் அதுவும் இல்லை. கள்ளன் அஞ்சு நிமிசத்தில போலிப் போட்டோ செய்து அனுப்புவான், கோவிச்சுக்கொண்டு போறது உண்மையான ஆள்தான்.

முதல்ல உங்கட பேமென்ட் கேட்வேக்காரரிட்ட (ஒன்லைனில காட் காசை எடுத்துத் தாற கம்பனி) 3டி செக்யூர் போட்டிருக்கோ எண்டு கேளுங்கோ. அது இருந்தால் வாங்கிறவரின்ர பாங்கே ஓடிபி கேட்டோ அப்பில அப்ரூவ் பண்ணச் சொல்லியோ ஆளைச் சரிபாக்கும், உங்கட கண்ணுக்கு ஒரு விபரமும் வராது. அப்பிடிச் சரிபாத்த பிறகு "நான் வாங்கேல்லை" எண்டு ஒராள் முறைப்பாடு செய்தால் நட்டம் பொதுவா காட் குடுத்த பாங்குக்குத்தான் போகும், உங்களுக்கில்லை.

இனி இன்னொண்டு. இந்த மோசடி பிடிக்கிற சொப்ட்வெயரில "காட் ஒரு நாடு, டெலிவரி இன்னொரு நாடு எண்டால் நிப்பாட்டு" எண்டு ஒரு ரூல் இருக்கும், உங்களுக்கு அதைப் போட்டால் கடையைப் பூட்டவேண்டியதுதான், ஏன் எண்டால் கனடாவில கட்டி கொக்குவிலில குடுக்கிறதுதானே உங்கட யாவாரமே. அதுக்குப் பதிலா சாமானைப் பாருங்கோ. களவெடுத்த காட்டில பிறந்தநாள் கேக் வாங்கி அவன் என்ன செய்யிறது, விக்கவோ ஏலும்? போனை விக்கலாம். ஒரே டெலிவரி நம்பருக்கு ரெண்டு நாளில மூண்டு வேற காட்டால போன் ஓடர் வந்தால், இல்லாட்டி சின்னச் சின்னத் தொகையா பத்துத் தரம் முயற்சி செய்து ஃபெயில் ஆகியிருந்தால் (களவெடுத்த நம்பர் வேலை செய்யுதோ எண்டு பாக்கிறாங்கள்) அங்க நிப்பாட்டுங்கோ. போன் ஓடருக்கு மட்டும், குடுக்க முதல் டெலிவரி எடுக்கப்போறவருக்குப் போன் அடிச்சு "ஆர் அனுப்பினது?" எண்டு கேளுங்கோ. சர்ப்பிரைஸ் கெட்டுப்போச்சு எண்டு சிலர் கத்துவினம்தான், பரவாயில்லை.

உங்கட ரெண்டு கேஸில ஒண்டு மோசடியே இல்லாமலும் இருக்கலாம். காட் ஸ்டேட்மென்டில உங்கட கடைப் பேருக்குப் பதிலா ஆருக்கும் தெரியாத கம்பனிப் பேர் வந்தால், "இதென்ன காசு?" எண்டு புருசன் பாங்குக்கு அடிச்சிடுவார், மனுசி கேக் அனுப்பினது அவருக்கு எங்க தெரியும். கேட்வேக்காரரிட்டச் சொல்லி அந்தப் பேரை மாத்துங்கோ.

நீங்கள் வைச்சிருக்கவேண்டியது ஓடர் நம்பர், காட்டின்ர கடைசி நாலு இலக்கம், டெலிவரி வாங்கினவரின்ர கையெழுத்து, திகதி, அவ்வளவுதான். மோசடி எண்டு முறைப்பாடு செய்யக் காட் கம்பனியள் அநேகமா 120 நாள் குடுக்கிறவை, அதால ஒரு ஆறு மாசம் வைச்சிட்டு அழியுங்கோ, வரிக் கணக்கு வேற விசயம். இஞ்ச இலங்கையிலயும் 2022 ஆம் ஆண்டின்ர 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. பாரிஸில இருக்கிறவைக்கு யூரோ விலை போட்டு விக்கிறியள் எண்டால் ஐரோப்பாவின்ர ஜிடிபிஆர் எண்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உங்களில தொத்தும். மோசடியைத் தடுக்கிறது நியாயமான காரணம் எண்டு அதுவும் ஒத்துக்கொள்ளுது, ஆனா அதுக்கு அவசியமானதை மட்டும்தான் எடுக்கலாம். பாஸ்போட் போட்டோ அதுக்குள்ள வராது.

இண்டைக்கே செய்யவேண்டியது, இதுவரைக்கும் வந்த போட்டோ எல்லாத்தையும் வாட்ஸ்அப்பில, கேலரியில, பேக்கப்பில தேடி அழிக்கிறது. அழிச்ச பிறகு அந்த ரொறன்ரோ அக்காவுக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ, இனி அப்பிடிக் கேக்கமாட்டம் எண்டு.