தகடு விறைத்தால் சுத்தியலை நிறுத்துங்கள்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறேன். கூடப் படித்த நண்பர் புதுச்சேரியிலிருந்து ஞாயிறுதோறும் வருவார். மொட்டை மாடியில் உட்கார்ந்து வீட்டுக் கதை, ஆபீஸ் கதை பேசிக்கொண்டே செம்புத் தகட்டை இலை, மீன் என்று அடித்து உருவாக்குவோம். கொஞ்ச நேரத்தில் தகடு விறைத்து ஓரத்தில் வெடித்துவிடுகிறது. முடித்த பொருளும் சில வாரங்களில் கறுத்துப் பச்சை பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தகட்டில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. இடையில் அதைத் தீயில் காய்ச்சி இளக்காமல் அடித்துக்கொண்டே போவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பேச்சு சுவாரசியத்தில் கை நிற்காது, அல்லவா?

செம்பை அடிக்கும்போது அதன் உள்ளே அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. அதனால்தான் வளைகிறது. அடி கூடக் கூட அந்த நகர்வுகள் ஒன்றையொன்று மறித்துக்கொள்ளும். தகடு இறுகும். அதற்கு மேலும் அடித்தால் வெடிப்புதான். இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். இளகிய தகட்டில் அடி 'தொப்' என்று மந்தமாக விழும், இறுகியதில் 'கிண்' என்று ஒலிக்கும், சுத்தியலும் துள்ளும். அந்த ஒலி மாறிய உடனே நிறுத்திக் காய்ச்சுங்கள். வெடிப்பு கண்ணில் படும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

செம்பு உருகுவது 1085 டிகிரி செல்சியஸில். நமக்கு 600 டிகிரியை ஒட்டிய சூடு போதும், அதாவது மங்கலான சிவப்பு. பட்டப்பகல் வெயிலில் அந்தச் சிவப்பு தெரியவே தெரியாது. தெரியவில்லையே என்று இன்னும் சூடேற்றித் தகட்டைக் கெடுத்துக்கொள்வார்கள். அதனால் அடிப்பதை எப்போது வேண்டுமானாலும் செய்யுங்கள், காய்ச்சுவதை மட்டும் பொழுது சாய்ந்த பிறகோ நிழலான மூலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். கடற்காற்று கேஸ் டார்ச்சின் தீயை ஒரு பக்கமாகத் தள்ளும் என்பதால் மூன்று பக்கமும் காய்ந்த செங்கல்லை அடுக்கி மறைப்புக் கட்டுங்கள். தளத்தின் மேலேயே தகட்டை வைத்துக் காய்ச்சக் கூடாது. ஈரம் ஏறிய சிமெண்ட் சூட்டில் தெறிக்கும்.

சிவந்ததும் குறட்டால் எடுத்துத் தண்ணீரில் போடலாம். எஃகு உளியைப் போலச் செம்பு இறுகாது, இளகியேதான் இருக்கும். மேலே படிந்த கறுப்பைப் புளிக்கரைசலிலோ வெதுவெதுப்பான சிட்ரிக் அமில நீரிலோ ஊறவைத்து, தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி அடியுங்கள். கறுப்போடு அடித்தால் அது தகட்டிலேயே பதிந்துவிடும்.

ஓரத்து வெடிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. கத்தரித்த ஓரத்தில் இருக்கும் பிசிரிலிருந்துதான் பெரும்பாலும் வெடிப்பு கிளம்பும். அடிக்கும் முன் அரத்தால் ராவி வழவழப்பாக்குங்கள். ஏற்கெனவே வெடித்த தகட்டைத் தூக்கிப் போட வேண்டாம். வெடிப்பு முடியும் இடத்தில் சின்னத் துளை போட்டால் மேலே பரவாது. இலையாக இருந்தால் இன்னும் சுலபம், அந்த இடத்தையே இலையின் வெட்டு விளிம்பாக மாற்றிவிடலாம்.

அடுத்து பித்தளைக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதில் துத்தநாகம் இருக்கிறது. அளவுக்கு மீறிச் சூடேற்றினால் வெண்புகை வரும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரலாம். சிவப்பு அடங்கிய பிறகே தண்ணீரில் விடுங்கள். வார்த்த பித்தளைச் சாமான் இந்த வேலைக்கு ஒத்துவராது, தகடாகவே வாங்குங்கள். துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டைக் காய்ச்சவே வேண்டாம்.

பச்சைக் களிம்புக்கு வருவோம். உப்புக் காற்றும் ஈரமும் அங்கே எப்போதும் உண்டு, விரல் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். புளி தேய்த்த பொருளைச் சரியாக அலசாவிட்டால் மிச்சமிருக்கும் புளிப்பே சீக்கிரம் கறுக்க வைக்கும். நன்றாக அலசித் துடைத்து, கை பொறுக்கும் அளவு சூடாக்கி, தேன்மெழுகைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசித் துடையுங்கள். வார்னிஷ் அடிக்கலாம்தான், ஆனால் அதில் ஒரு கீறல் விழுந்தால் அடியில் களிம்பு பரவும், முழுதையும் சுரண்டி எடுக்க வேண்டிவரும். உங்கள் ஊருக்கு நான் மெழுகைத்தான் சொல்வேன். மங்கும்போது திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

சாப்பாட்டுத் தட்டு, கிண்ணம் செய்தால் மட்டும் மெழுகு போதாது. ஈயம் பூசுபவரிடம் கொடுத்து உள்பக்கம் வெள்ளீயம் (காரீயம் அல்ல) பூசித் தரச் சொல்லுங்கள். பூசும் வரை அதில் மோர், ரசம், ஊறுகாய் எதையும் வைக்காதீர்கள்.