5ஜி போன் வாங்கினேன், வீட்டுக்குள் 5ஜி வரவில்லை: வழக்குப் போடலாமா?

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன்பு ஆன்லைனில் 17,500 ரூபாய்க்கு ஒரு 5ஜி போன் வாங்கினேன். விற்பனைப் பக்கத்தில் 'இந்தியாவின் எல்லா 5ஜி பேண்டுகளிலும் வேலை செய்யும்' என்று போட்டிருந்தார்கள். என்னிடம் இருப்பது ஜியோ சிம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால் 5ஜி வருகிறது, வீட்டுக்குள் 4ஜிதான். அதே அறையில் தம்பியின் போனில் 5ஜி நன்றாக வருகிறது. சர்வீஸ் சென்டரில் 'இந்த மாடலில் என்-28 பேண்ட் இல்லை' என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். விற்றவர் 7 நாள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது என்கிறார். கம்பெனியோ போனில் பழுதே இல்லை என்கிறது. அம்மாவின் பழைய 4ஜி போனிலும் சிக்கல். பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறிய பிறகு அதில் 4ஜி வரவே இல்லை. இரண்டுக்கும் வழக்குப் போடலாமா?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: உங்கள் போனுக்குப் போடலாம். அம்மாவின் போனுக்கு வேண்டாம்.

2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வாங்கிய ஒரே நிறுவனம் ஜியோ. போன் பிடிக்கும் ஒவ்வொரு அலைவரிசையையும் பேண்ட் என்பார்கள், சர்வீஸ் சென்டர் சொன்ன என்-28 இந்த 700தான். சுவர்களைத் தாண்டி வீட்டுக்குள் வருவதும், டவரிலிருந்து தூரமாகப் போவதும் இந்த அலைதான். 3300 மெகாஹெர்ட்ஸான என்-78 வேகமானது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. உங்கள் போன் பஸ் ஸ்டாண்டில் பிடிப்பது அநேகமாக அதைத்தான்.

'போனில் பழுது இல்லை' என்ற பதிலைக் கேட்டு நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(10)-இல் குறைபாடு என்பது உடைசலோ ரிப்பேரோ மட்டுமில்லை. விற்பவர் எந்த விதத்திலாவது சொன்ன தரத்துக்குப் பொருள் குறைவாக இருந்தாலும் அது குறைபாடுதான். இல்லாத திறனை இருப்பதாகச் சொல்வது பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறையும் ஆகும். 7 நாள் கணக்கு அவர்கள் வைத்துக்கொண்ட விதி. சட்டம் உங்களுக்குத் தருவது இரண்டு ஆண்டு (பிரிவு 69). அதை வாங்கிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு. விளம்பரப்படுத்திய அம்சம் இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020-இன் மின் வணிக விதிகளும் சொல்கின்றன.

ஆனால் உங்கள் வழக்கு முழுக்க 'எல்லா 5ஜி பேண்டுகளிலும்' என்ற அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. வெறும் '5ஜி போன்' என்று மட்டும் போட்டிருந்தால், என்-78 இருக்கிறதே, அது 5ஜிதானே என்று எதிர்த்தரப்பு வாதாடும். அப்போது ஜெயிப்பது கஷ்டம். அதனால் விற்பனைப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்கு முன் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், தேதியும் முகவரியும் தெரிய வேண்டும். எட்டு மாதத்தில் ஏற்கெனவே மாற்றியிருந்தால், ஆர்டர் மின்னஞ்சலிலோ சாட்டிலோ அந்த வாசகம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மின்னணு ஆதாரத்துக்கு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63-இன்படி சான்றிதழும் இணைத்துவிடுவது நல்லது. அந்த ஜாப் ஷீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், போனை லேபுக்கு அனுப்பும் அலைச்சலை அது மிச்சப்படுத்தக்கூடும்.

அப்புறம், கம்பெனியிடம் எழுத்தில் ஒன்று கேளுங்கள்: என்-28-க்கான வன்பொருளே இல்லையா, அல்லது மென்பொருளில் திறக்கப்படவில்லையா? 2022 டிசம்பரில் ஐபோன்களுக்கு இந்தியாவில் 5ஜி வந்தது ஐஓஎஸ் 16.2 அப்டேட்டில்தான். திறக்கப்படாமல் இருந்தால் அப்டேட் போதும். வன்பொருளே இல்லையென்றால் எந்த அப்டேட்டும் உதவாது.

பதில் சரியில்லை என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதியுங்கள், பிறகு விற்றவர், விற்பனைத் தளம், தயாரிப்பாளர் மூவருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் பேண்ட் பட்டியல் சரியாக இருந்தால் பொறுப்பு பெரும்பாலும் விற்றவர் மேல்தான் விழும், இருந்தாலும் மூவரையும் சேர்த்துவிடுங்கள். அடுத்தது தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. 17,500 ரூபாயும், நியாயமான ஒரு இழப்பீடும், செலவும் கேளுங்கள். 'தயாரிப்புப் பொறுப்பு' என்று லட்சக்கணக்கில் கேட்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பொருளுக்கே ஏற்படும் குறை, பண நஷ்டம் இரண்டையும், தயாரிப்புப் பொறுப்பு பற்றிய அத்தியாயத்தில் வரும் 'தீங்கு' என்பதற்குள் நுகர்வோர் சட்டம் சேர்க்கவில்லை.

அம்மாவின் போன் விஷயம் வேறு. பி.எஸ்.என்.எல். 4ஜி 700, 2100 மெகாஹெர்ட்ஸ்களில் வருகிறது. பழைய போனில் 700 இல்லையென்றால், 2100 எட்டாத இடத்தில் 4ஜி கிடைக்காது. அந்த போன் விற்றபோது சொன்னபடி மற்ற நெட்வொர்க்கில் 4ஜி ஓடியதே, அதனால் தயாரிப்பாளர் மேல் குற்றமில்லை. தொலைபேசி நிறுவனங்கள் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாக்கிவிட்டது. ஆனால் அதற்குச் சேவையில் குறை இருக்க வேண்டும், இங்கே குறை போனின் பேண்டில்தான் இருக்கிறது. மாறிய நாளிலிருந்து 90 நாள் முடிந்ததும் அம்மா பழைய நெட்வொர்க்குக்கே போர்ட் செய்துகொள்ளலாம். பி.எஸ்.என்.எல்.லிலேயே இருக்க விரும்பினால், அடுத்து வாங்கும் போனின் விவரப் பட்டியலில் 4ஜி வரிசையில் பேண்ட் 28 (அதாவது 700 மெகாஹெர்ட்ஸ்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.